உன் முதுகை எடுத்த படம்

மச்சான்,

இன்று காலை ஹட்டன் டவுனில், நானாவின் கடைக் கண்ணாடிக்குள் உன் லென்ஸைப் பார்த்தேன். அந்த நீளமான ஜூம்தான். நீ பாறையில் இடித்த தழும்பு முன்வளையத்தில் அப்படியே இருந்தது. பழைய கெமராக்களை வாங்கி விற்கும் நானா, வீட்டில் சும்மா கிடக்கிறது என்று உன் மனைவி கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கையில் வாங்கி, பின்பக்கம் டோர்ச் அடித்து உள்ளே பார்த்தேன். ஒரு நூலளவு பூஞ்சணம்கூட இல்லை.

"இத யாராவது கழட்டிச் சுத்தம் பண்ணியிருக்காங்களா நானா?"

"ஸ்குரூவப் பாருங்க தம்பி. ஒருத்தரும் தொடல்ல. நான் வித்த அன்னைக்கும் இப்பிடித்தான் இருந்திச்சு."

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. உன் பொய்யை இன்றுதான் கண்ணால் கண்டேன்.

வட்டவளைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். நீ வங்கிக்குப் போனாய், நான் மருந்துக்கடைக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் கெமராவைத் தூக்கிக்கொண்டு மலையேறுவோம். எந்த கெமரா பாடி நல்லது, எந்த லென்ஸ் நல்லது என்பதுதான் வழியெல்லாம் பேச்சு. "பாடி வரும் போகும், லென்ஸ்தான் மச்சான் நிக்கும்" என்பாய். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுதான் நான் பழைய பாடியையே ஓட்டிக்கொண்டிருந்தேன். நானா கடைக்கு அந்த ஜூம் வந்ததும் உன்னைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். நீ அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாய். நானாவுக்குக் கேட்காமல் என் காதோரம் சொன்னாய்.

"வேணாம் மச்சான். உள்ள பங்கஸ் வந்திருச்சு. நம்ம ஊரு ஈரத்துக்கு ரெண்டு மழையில கண்ணாடி பூரா படர்ந்துடும். பேசாம புது பாடி ஒண்ணு எடு. அதோட வர்ற சின்ன லென்ஸே போதும்."

எடுத்தேன். அடுத்த மாதம் அந்த ஜூம் உன் கெமராவில் இருந்தது. "கொழும்புல குடுத்துச் சுத்தம் பண்ணிக்கிட்டேன்" என்றாய். நானும் தலையாட்டிக்கொண்டேன்.

சிறுத்தையைக் காட்டியதும் நான்தான். கொழுந்து பறிக்கும் என் அக்காதான் அதை முதலில் கண்டது. "அஞ்சாம் நம்பர் மலைக்கு மேல, பாறையில சாயந்தரமா வந்து படுக்குதுடா. நாங்க எல்லாம் சத்தம் போட்டுக்கிட்டேதான் எறங்குறோம்" என்றது. அதை உன்னிடம் மட்டும் சொன்னேன். வாரக்கணக்கில் தேயிலைக்குள் குந்தியிருந்தோம். அட்டை கடித்துக் கால் இரண்டும் ரத்தமாக இருக்கும். மழை விட்ட ஒரு சாயங்காலம் அது வந்தது. என் சின்ன லென்ஸில் அது வெறும் மஞ்சள் புள்ளி. நம் இரண்டு கெமராவும் ஒரே கம்பனிதான், உன் ஜூம் என்னுடையதிலும் பொருந்தும்.

"ஒரே ஒரு தடவ அத எனக்குப் போட்டுத் தா மச்சான்."

"அசையாத. ஓடிடும்."

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் இருந்த இடத்திலிருந்து கிடைத்ததை எடுத்தேன். உன் முதுகு, நனைந்த சட்டை, தேயிலைக்கு மேலே நீட்டிய லென்ஸ், அதற்கப்பால் பாறையும் அந்தப் புள்ளியும்.

உன் படம் கொழும்பில் பரிசு வாங்கியது. பத்திரிகைக்காரனிடம், தனியாகத்தான் காத்திருந்தேன், யாரும் வழிகாட்டவில்லை என்று சொல்லியிருந்தாய். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கூடையை இறக்கி வைத்துக்கொண்டே, "அப்ப நாம யாரும் இல்லையாடா?" என்று கேட்டது. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு உன் வங்கி வாசலுக்கு வந்தேன். நீ சிரித்தாய்.

"படத்த எடுத்தது நான்தானே மச்சான்."

அதற்குப் பிறகு நான் உன்னோடு பேசவில்லை. அடுத்த வருஷப் போட்டிக்கு, உன் முதுகு தெரியும் என் படத்தை அனுப்புவது, உன் பெயரை ஊரறிய நாறடிப்பது என்று முடிவு செய்தேன். பெரிதாக அச்சடித்தும் வைத்துவிட்டேன். அதற்குள் நீ வேலை செய்துகொண்டிருந்த மேசையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். நான் ஓங்கிய கையை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டாய். கருமாதியில் எல்லாரும் அழுதார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

போன மாதம் உன் மனைவி மருந்துக்கடைக்கு வந்தார். உன் திவசத்தை ஒட்டி, நீ எடுத்த படங்களை டவுன் மண்டபத்தில் மாட்டப்போவதாகச் சொன்னார்.

"அவரு எடுத்த படம் நெறைய இருக்குங்க அண்ணே. அவரு கெமராவும் கையுமா இருக்கிற படந்தான் ஒண்ணும் இல்ல. ஒங்ககிட்ட இருக்குங்களா?"

"இருக்கு" என்றேன். யோசிக்கவே இல்லை.

உன் சிறுத்தைக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். அதே பாறை, அதே ஈர வெளிச்சம். வந்தவர்கள் உன் படத்தைப் பார்த்தார்கள், என் படத்தைப் பார்த்தார்கள், திரும்பவும் உன் படத்துக்குப் போனார்கள். உன்னோடு வேலை செய்தவர் ஒருவர், "தனியாத்தான் போனதா சொன்னாரே" என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. தேன் குடித்ததுபோல் இருந்தது மச்சான்.

உன் மனைவி வெகுநேரம் அதன் முன்னால் நின்றார்.

"நீங்க பின்னாடியே இருந்தீங்களா அண்ணே?"

"நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். எங்க அக்கா பாத்துச் சொன்ன எடம் அது."

அவர் படத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இந்தப் படத்த வீட்டுக்குக் குடுங்க. போட்டோ எடுக்கையில அவரு எப்பிடி இருப்பாருன்னு நான் பாத்ததே இல்ல. ஓரத்துல ஒங்க பேரையும் அக்கா பேரையும் எழுதிக் குடுங்க. பாக்குறவங்களுக்குத் தெரியட்டும்."

நீ கடைசிவரை வாய்திறந்து சொல்லாததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அதனால் என் கோபம் தணிந்திருக்கும் என்று நினைத்துவிடாதே. செத்தவனைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டுமாம். கேட்பவர்களிடம் நான் நடந்ததைத்தான் பேசுகிறேன். இன்று காலையோடு அந்தப் பேச்சில் லென்ஸைப் பற்றி இன்னொரு வரியும் சேர்ந்திருக்கிறது.

உன் வீட்டுச் சுவரில் இப்போது அந்தப் படம்தான் இருக்கிறது. அந்தி பட்டால் அதன் முன்னால் விளக்கேற்றிப் பூ வைக்கிறார்கள். அதில் உன் முகம் இல்லை, முதுகுதான் இருக்கிறது. கீழே என் பெயர், அக்காவின் பெயர். உன்னைக் கும்பிடக் குனிகிற யாரும் அதை வாசித்துவிட்டுத்தான் நிமிர வேண்டும்.