கஞ்சி போட்ட கையுறை

இன்று காலையிலிருந்து என் சமையலறையில் கஞ்சி வாசனை. சாதம் வடித்த கஞ்சியில் ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறையை முக்கிப் பிழிந்து, பால்கனிக் கொடியில் காயப்போட்டு, இப்போதுதான் இஸ்திரி போட்டு முடித்தேன். இதை இந்த வருடம்தான் கவனித்த மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, ஸ்டார்ச் சாரிக்குத்தானே போடுவாங்க? க்ளவ்ஸுக்கு எல்லாம் கோண் போடுவா?" என்று கேட்டாள். பாதித் தமிழ், பாதி மராத்தி; 'கோண்' என்றால் யார். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, புனேயில் பிறந்தவள். நாளைக்கு தசரா, கம்பெனியில் பூஜை இருக்கிறது, அதற்காக என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்திருப்பாய்.

சாங்வியிலிருந்து தளேகாவுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் நாம் இருவர்தான் தமிழ். நான் கோயமுத்தூர்க்காரி, பர்ச்சேஸில் இருந்தேன். நீ திருநெல்வேலிக்காரி, கழிவுகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினீயர். கார் கம்பெனியில் வேலை என்றதும் மலர்ந்த மாப்பிள்ளை வீட்டார் முகம், குப்பையைப் பார்க்கும் வேலை என்றதும் சுருங்கிப் போனதாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். "காரைச் செய்ய அம்புட்டுப் பேரு இருக்காவ, ஏளா. அது கழிச்சுப் போடுததைப் பாக்க நான் ஒருத்திதாம் இருக்கேன்."

சனிக்கிழமைதோறும் பின்வாசலில் ஒரு லாரி வந்து நிற்கும். எதற்கும் உதவாதது என்று ஒதுக்கியதையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே கொட்டும். அந்த லாரியை நிறுத்த வேண்டும் என்பதுதான் உன் வெறி. வந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக அதிலிருந்து இறக்கினாய். அட்டைப்பெட்டிகள் காகித ஆலைக்குப் போயின. கேன்டீன் மிச்சம் எருவாயிற்று. பெயின்ட் கசடுக்குக்கூட ஒரு வழி கண்டுபிடித்தாய். கடைசியில் மிஞ்சியது கையுறை. ஷிஃப்டுக்கு ஒரு ஜோடி மாட்டி, எண்ணெய்ப் பிசுக்கோடு கழற்றி வீசுவார்கள். அது மலையாகக் குவியும்.

துவைத்துத் திரும்பப் போடலாம் என்றாய். மேலதிகாரிகளுக்கு நம்பிக்கையில்லை. லாரி ஒப்பந்தம் முடியும் நேரம் அது. தசராவுக்குள் கையுறைக்கு வழி பிறக்காவிட்டால் இன்னும் சில வருடங்களுக்கு லாரியை நீட்டிப்பது என்று முடிவு செய்தார்கள். பஸ்ஸில் அன்று நீ ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாய். இறங்கும்போது சொன்னாய். "கொட்டுததுக்கு இடம் இருக்குத வரைக்கும் கொட்டத்தாம் செய்வாவ, ஏளா."

ஹடப்சரில் ஒரு சலவைக்காரரைப் பிடித்தோம். கல்யாண மண்டபத்து விரிப்புகளும் ஹோட்டல் மேஜைத் துணிகளும் வெளுப்பவர். பெரிய கம்பெனி ஆர்டர் என்று மனிதருக்குப் பூரிப்பு. முதல் மூட்டையை அசெம்பிளி லைனில் வைத்துப் பிரித்தாய். அத்தனை கையுறைக்கும் கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டு, அப்பளக் கட்டு மாதிரி அடுக்கி அனுப்பியிருந்தார். ஐந்து விரலும் விறைத்து நின்றன. லைன் லீடர் ஜாதவ் ஒன்றை மாட்டிக்கொண்டு ஸ்பேனரை எடுக்கப் பார்த்தார், விரல் மடங்கவில்லை. "மேடம், இதைப் போட்டுக்கிட்டு ஆசீர்வாதம்தான் பண்ணலாம்" என்று மராத்தியில் சொன்னாரே, லைனே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. நீயும் ஒன்றை எடுத்து மாட்டி, ஜாதவின் தலைமேல் கையை வைத்து ஆசீர்வாதம் பண்ணினாய். அதற்குப் பிறகு அந்த லைனில் உன்னை யாரும் வேற்றாளாகப் பார்க்கவில்லை.

கஞ்சியை நிறுத்திய பிறகும் கையுறைகள் பெட்டியிலேயே கிடந்தன. ஏனென்று யாரும் சொல்லவில்லை. சிரித்துப் பழகிய உரிமையில் ஜாதவ்தான் டீக்கடைப் பக்கம் உன்னிடம் மெல்லச் சொன்னார். "துவைச்சாலும் அது இன்னொருத்தன் வேர்வை, மேடம். மனசு ஒப்பலை." மீட்டிங்கில் இதைச் சொன்னபோது படித்தவர்கள் சிலர் உச்சுக் கொட்டினார்கள். உனக்கு வந்ததே கோபம். "நீங்க அடுத்தவர் சாக்ஸைத் துவைச்சுக் கொடுத்தா போடுவீங்களா சார்?" என்றாய். அன்று மாலையே ஒரு வழியும் கண்டுபிடித்தாய்.

ஆளுக்கொரு வலைப்பை, மேலே அவரவர் பெயர். கையுறையைப் பைக்குள் போட்டு வாயைக் கட்டிவிட்டால், பையோடு வெளுத்து, பையோடு அவர் கைக்கே திரும்பும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அத்தனை பையிலும் பெயர் எழுத வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, மராத்திப் பெயர்களை எழுத்துக்கூட்டி நீ எழுத, நான் திருத்தினேன். "ஏம் புள்ள, பேரை மாத்தி எழுதினா வேர்வையும் மாறிப் போயிடும், பாத்து எழுது" என்று உன்னைச் சீண்டிக்கொண்டே இருந்தேன்.

தசராவுக்கு முந்தைய சனிக்கிழமை லாரி வந்தது. ஏற்ற ஒன்றுமில்லை. பின்வாசலில் நீயும் நானும் ஜாதவும் நின்றோம். டிரைவர் நம்பாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆஜ் குச் நஹி?" என்றார். உன் ஹிந்தியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. இடுப்பில் கைவைத்து, அசல் திருநெல்வேலி ராகத்தில் சொன்னாய். "குச் நஹி. கல் பீ குச் நஹி." இன்றைக்கும் ஒன்றுமில்லை, நாளைக்கும் ஒன்றுமில்லை. லாரி காலியாகத் திரும்பிப் போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான காலி வண்டியை நான் பார்த்ததில்லை.

நீ நோயில் படுத்ததையும் போனதையும் இங்கே எழுதப்போவதில்லை. நீ இறந்த வருடம், தசராவுக்கு முன் ஜாதவ் என் மேஜைக்கு வந்து நின்றார். "அந்த விறைச்ச க்ளவ்ஸ் ஒரு ஜோடி கிடைக்குமா மேடம்? பூஜையில வைக்கணும்." அன்றிலிருந்து கஞ்சி போடுவது என் வேலை. செண்டுமல்லி மாலை போட்ட மிஷின்களுக்கு நடுவில் அந்த ஜோடி விரல் விரித்து நிற்கும். தங்கமென்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுக்கும் ஆப்டா இலையில் முதல் இலையை ஜாதவ் அதன்மேல்தான் வைப்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் விழிப்பார்கள். உன் ராகத்தோடு கதை முழுவதையும் சொல்லிக் காட்டுவார்.

போன மாதம் ஒரு மீட்டிங். புது மாடல் வருகிறது, புது லைன் போடுகிறார்கள், கழிவு கூடும். "கொஞ்ச நாளைக்கு மட்டும்" லாரியைக் கூப்பிடலாமா என்று ஒருவர் கேட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் இப்போது நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காரண காரியமெல்லாம் தயார் செய்துதான் வைத்திருந்தேன், புள்ள. வாயைத் திறந்தால் உன் குரல்தான் வந்தது. "குச் நஹி. கல் பீ குச் நஹி." அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

கையுறை மேஜைமேல் சூடு ஆறிக்கொண்டிருக்கிறது. நேற்று சனிக்கிழமை. பின்வாசலில் லாரி இல்லை. அடுத்த சனிக்கிழமையும் இருக்காது.