எட்டுப் பாகம் தாங்காத டார்ச்

அன்சிலா அப்பாவுக்கு,

சோறு வடித்துவிட்டேன். சாளைக் குழம்பு அடுப்புமேல் இருக்கிறது. இறால் லோடு வந்திருப்பதால் கம்பெனிக்குச் சீக்கிரம் போகிறேன்.

இன்று சங்கு குளிக்க நீங்கள் எடுத்துப்போகும் எல்இடி டார்ச் நல்ல வெளிச்சம்தான். கரண்டு போனால் வீட்டுக்குப் போதும். சுவிட்சுக்குமேல் சைக்கிள் டியூப் சுற்றி, எம்சீல் வைத்து அடைத்தீர்கள். வாளித் தண்ணீரில் தாங்கியது. கடல் வாளி இல்லையே. முந்தாநாள் என் தம்பி ஜெஃப்ரி அதைக் கல்லோடு கயிற்றில் கட்டி, படகிலிருந்து எட்டுப் பாகம், கிட்டத்தட்ட ஐம்பதடி ஆழத்துக்கு இறக்கினான். தூக்கியபோது அணைந்திருந்தது, கண்ணாடிக்குள் தண்ணீர். "யக்கா, இது கக்கூசுக்குப் போகத்தான் ஆகும்னு அத்தான்ட்ட சொல்லு" என்றான்.

சொன்னேன். "ஏளா, கடலுக்குப் போறது நீயா நானா?" என்று கேட்டீர்கள்.

கலங்கிய தண்ணீரில் அது அணைந்தால் உங்களுக்குக் கயிறும் தெரியாது, படகும் தெரியாது. ஒளித்துவைக்கலாம் என்றுகூட நினைத்தேன். ஒளித்தால் வெளிச்சமே இல்லாமல் இறங்குவீர்கள். காயவைத்து, பேட்டரி மாற்றி மேசைமேல் வைத்திருக்கிறேன்.

கனி

பி.கு.: சாவியைப் பக்கத்து வீட்டு ஜெபசுதாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கரைக்கு வந்ததும் நீங்களே போய் வாங்குங்கள். வேறு யாரும் வந்து கேட்கவேண்டாம்.