விட்டுப் படித்த பெயர்கள்

சாந்தோம்,
டிசம்பர் 19

அன்பு மகள் செலினுக்கும் மருமகன் பிரபுவுக்கும் அம்மா ஆசீரோடு எழுதுவது. பாப்பாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் விட்டதா? போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். ஆதம்பாக்கம் என்ன அமெரிக்காவா? மூன்று வருஷமாக உன் அப்பாவின் கோபம்தான் அதை அவ்வளவு தூரமாக்கி வைத்திருக்கிறது.

முந்தாநாள் அன்பியக் கூட்டம் நம் வீட்டில். தெருக்காரர்கள் இருபது பேர் வந்து ஜெபித்தார்கள். அன்றைய நற்செய்தி, இயேசுவின் மூதாதையர் பட்டியல். வாசித்தது அப்பா. சுண்டல் ஆறுகிறதென்று அவசரம், ஆண்கள் பேரை மட்டும் படித்துக்கொண்டே போனார். பக்கத்து வீட்டுப் பொன்மணி அக்கா தன் பைபிளில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாண்ணே, நடுவுல பொம்பளைங்க பேரு கீதே, அத்த ஏன் உட்டுட்டு போற?" என்று கேட்டுவிட்டார்.

அப்பா முதலிலிருந்து படித்தார். தாமார், ராகாபு, ரூத்து. ராகாபும் ரூத்தும் வேறு சாமி கும்பிட்ட வீட்டில் பிறந்தவர்கள், நம் பிரபு மாதிரி. அதை எழுதிய மத்தேயு நினைத்திருந்தால் விட்டிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆண்டவருடைய வம்சத்திலேயே அவர்களைப் பேர் சொல்லி எழுதியிருக்கிறார். எழுந்து அந்த மனுஷரைக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு. எபிரேயருக்கு எழுதிய திருமுகத்திலும் ஆபிரகாம், மோசே வரிசையில் ராகாபு இருப்பதை அக்கா எடுத்துக் காட்டினார். எத்தனையோ நூறு வருஷம் கழித்து எழுதியவர்களுக்கு எவ்வளவு பெரிய மனசு பார். அப்பா ரூத்து பேரில் தடுமாறித் தண்ணீர் கேட்டார்.

நம் பைபிளின் முதல் பக்கத்தில் குடும்பத்தார் பேரெல்லாம் எழுதுவோமே, உன் கல்யாணத்தன்று உன் பேர் மேல் அவர் காகிதம் ஒட்டிவிட்டார். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. நேற்றுக் காலைப் பூசை முடிந்து வந்தவர், ஈரத்துணி வைத்து அதை உரித்தார். மை கலைந்திருந்தது. உன் பேரைத் திரும்ப எழுதினார், பக்கத்தில் பிரபு என்று எழுதினார். கீழே ஒரு வரி விட்டு, குழந்தை பேர் இன்னா என்று என்னைப் பார்க்காமலே கேட்டார்.

தெரியாது என்று பொய் சொல்லிவிட்டேன். ஆண்டவர் மன்னிப்பார். கிறிஸ்துமஸுக்கு மூன்று பேரும் வாருங்கள், பாப்பாவை அவர் மடியில் வைத்து நீயே சொல். பேனாவை அந்தப் பக்கத்தில் வைத்துத்தான் பைபிளை மூடியிருக்கிறார்.

உன் அம்மா,
தங்கம்