பிரேக்கைத் தொடவே இல்லை

மார்ச் 8, சனி

ஆலையில் இன்று அரை நாள்தான். அதற்குள் பதினொரு தையல் மெஷினுக்கு பெல்ட் மாற்றியாயிற்று. மாலையில் தங்கை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின் சீட்டில் பாப்பாவை வைத்துக் குனிந்தே ஓட்டி, கழுத்து வலியாம். உயரமான ஹேண்டில்பார் ஒன்று வாங்கியிருக்கிறாள். "கடையில நாலு நாள் ஆகுங்கறாங்க. நீயே மாட்டிக் குடுத்துருண்ணா."

இதெல்லாம் ஒரு வேலையா என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

வேலைதான். இந்த சைக்கிளில் பிரேக் கம்பி வெளியே தெரியாது. ஹேண்டிலுக்குக் கீழே ஒரு துளையில் நுழைந்து, குழாய்க்குள்ளேயே ஓடி, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வெளியே வருகிறது. புது உயரத்துக்கு எட்டாத பழைய கம்பியை உருவும் முன் அதன் வாலில் ஒரு நூலைக் கட்டிவிட்டிருக்க வேண்டும். உருவிய பிறகுதான் புத்தி வந்தது. புதுக் கம்பி உள்ளே எங்கோ முட்டிக்கொண்டு நின்றது. குழாயின் மேல் காந்தத்தை வைத்து அங்குலம் அங்குலமாக நகர்த்தி— மூன்று மணி நேரம். முனை எட்டிப் பார்த்தபோது தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

அதன் பிறகு இன்னொன்று. ஹேண்டில் நான்கு விரல் உயர்ந்துவிட்டதால், பிரேக் பிடியிலிருந்து துளை வரை கம்பியை மூடும் கறுப்பு உறை நீளம் போதவில்லை. நேராக இருந்தால் பிரச்சினை இல்லை. வலது பக்கம் முழுக்கத் திருப்பினால் விறைக்கிறது. கம்பி இழுபட்டு, பிடியைத் தொடாமலே பின் பிரேக் கவ்விக்கொள்கிறது. நீளமான உறை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது? நாளைக் காலையில் அவள் பாப்பாவைப் பள்ளியில் விட வேண்டும். அவ்வளவு ஒடித்து யார் திருப்பப்போகிறார்கள்? அடுத்த வாரம் மாற்றிவிடலாம்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்வாள்.

மார்ச் 13, வியாழன்

பாப்பா ஆஸ்பத்திரியில்.

மார்ச் 14, வெள்ளி

பள்ளி வாசலில் நடந்திருக்கிறது. உள்ளே நுழைய வலது பக்கம் ஒடித்துத் திருப்பியிருக்கிறாள். சைக்கிள் அப்படியே நின்று சாய்ந்திருக்கிறது. பின்னால் வந்த வேனின் சக்கரம் பாப்பாவின் கால் மேல். தொடை எலும்பு நொறுங்கிவிட்டது. ஐந்து வயது.

தங்கை எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் பிரேக்கைத் தொடவே இல்ல. தானா நின்னுச்சு."

"சைக்கிள் எங்கயாச்சும் தானா நிக்குமா? பயத்துல அமுக்கியிருப்பே" என்றார் மாப்பிள்ளை. என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மச்சான். மெஷின் தெரிஞ்சவரு."

நான் சொன்னேன்: "பதட்டத்துல நமக்கே தெரியாம கை அழுத்திடும்."

சொன்னது இந்த வாய்தான். அவள் என்னையே பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

மாப்பிள்ளை சைக்கிளை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். கண்ணில் படக் கூடாதாம். வலது பக்கம் திருப்பினேன். கவ்வியது. இன்னொரு முறை. கவ்வியது.

மார்ச் 17, திங்கள்

கடைக்குப் போய் நீள உறை வாங்கி மாட்டினேன். இருபது நிமிடம். இனி யார் ஓட்டப்போகிறார்கள் அதை? பிறகு எதற்கு மாட்டினேன்? சரி செய்யவா, மறைக்கவா?

மார்ச் 29, சனி

எலும்பு கொஞ்சம் குறுகித்தான் சேரும் என்றார் டாக்டர். வளர வளரப் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால்?

ஆஸ்பத்திரியிலிருந்து பாப்பாவை மாப்பிள்ளை நேராகத் தன் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். "இவளை நம்பி எப்பிடி விடுறது?"

தங்கை போனில் பேசினாள். அழவில்லை. "அவர் சொல்றது சரிதானோ என்னவோ. அமுக்கின மாதிரிகூட இப்ப ஞாபகம் வருதுண்ணா. கனவுல அமுக்கறேன்."

ஏப்ரல் 2, புதன்

சொல்லிவிட வேண்டும். சொன்னால் பாப்பாவின் கால் சரியாகிவிடுமா? ஆகாது. அவளுக்காவது— இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். பழைய உறையை மேஜையில் வைத்து, எது எதை எப்படி இழுத்தது என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மாட்டின அன்னிக்கே."

"ஆஸ்பத்திரியில நான் கத்திக்கிட்டு இருந்தப்ப?"

"தெரியும்."

"எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனச்சேன்டா. இருபத்துநாலு நாளா."

அவள் என்னை 'டா' போட்டதே இல்லை. மாப்பிள்ளை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீங்க கிளம்புங்க" என்றார்.

ஏப்ரல் 9, புதன்

பாப்பாவை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாராம். அவர்கள் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். போன் செய்தேன். என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாள்.

மே 4, ஞாயிறு

போய் அழைப்பு மணி அடித்தேன். உள்ளே டிவி சத்தம் நின்றது. அவ்வளவுதான்.

ஜூன் 21, சனி

பாப்பாவுக்கு சனிக்கிழமைகளில் நடைப் பயிற்சி என்று கேள்விப்பட்டு, ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு தங்கையும் பாப்பாவும் வெளியே வந்தார்கள். பாப்பா "மாமா!" என்று அம்மாவின் கையை உதறிக்கொண்டு என்னிடம் வந்தாள். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தாள். வந்ததும் காலை நீட்டினாள். "பாரு மாமா, எனக்கு மட்டும் ஒரு செருப்பு உயரம்!" வலது செருப்பின் அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கூடுதல் அட்டை ஒட்டியிருந்தது.

தங்கை எங்களைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து நின்றாள்.

"எதுக்கு மாமா இது?" என்றாள் பாப்பா.

"சும்மா, அழகுக்குடா தங்கம்."

தங்கை திரும்பினாள். இரண்டரை மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"இவகிட்டயும் பொய்யா?"