மூன்றாவது தட்டு

மார்ச் 3, செவ்வாய்
மலையில் ரோப் காரின் மூன்றாம் தூணில் உருளை மாற்றினோம். நல்ல காற்று. கீழே இறங்கி போனைப் பார்த்தால் தோழி அராசெலியின் செய்தி. அவள் ஆய்வகத்துக்கு நார்வேயிலிருந்து ஐவார் என்று ஒருவன் வந்திருக்கிறானாம். கிரானடாவில் ஒரு வாரம் இருப்பானாம். குடிக்கும்போது கூட வரும் சின்னத் தட்டுத் தீனி, தபாஸ், சாப்பிட்டதே இல்லையாம். வியாழக்கிழமை பெனித்தோவின் மதுக்கடைக்கு அவனையும் கூட்டி வருகிறாளாம்.

வியாழன் எங்கள் இருவருடைய நாள். அவளிடம் இதை நான் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மார்ச் 4
ஐவாரின் படத்தைத் தேடிப் பார்த்தேன். உயரம். பல் வரிசை ஒழுங்கு. எரிச்சல்.

மார்ச் 5, வியாழன்
வந்ததும் சாப்பாட்டுப் பட்டியல் கேட்டான். பெனித்தோ என் பக்கம் குனிந்து, "தம்பிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. குடிக்க ஒன்று கேள். தின்ன ஒன்று தானாக வரும். எது என்பது கடைக்காரர் இஷ்டம். அதற்குத் தனிக் காசு இல்லை. அத்தோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டாம் கிளாஸுக்கு வரும் தட்டு முதலாவதைவிட நன்றாக இருக்கும், மூன்றாவது அதையும் தூக்கி அடிக்கும், எழுந்து வேறு கடைக்குப் போனால் மறுபடி முதல் தட்டுதான் — இதைச் சொல்லவில்லை.

வந்தது உருளைக்கிழங்கு முட்டை அடை, ஆளுக்கு ஒரு துண்டு. அவன் கண்ணை மூடி மென்றான். "இது சும்மாவா?" என்று அராசெலியைக் கேட்டான். அவள் சிரித்தாள். என் எந்த ஜோக்குக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அப்போதுதான் முடிவு செய்தேன். கணவாய் வறுவலை இவன் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. பெனித்தோவின் மூன்றாவது தட்டு அது. எலுமிச்சைத் துண்டு யாருக்கு என்று அவளும் நானும் வாராவாரம் சண்டை போடும் தட்டு. கிளாஸைக் காலி செய்துவிட்டு, "வா, நாலு கடை காட்டுறேன்" என்று எழுந்தேன். அராசெலி ஒரு மாதிரி பார்த்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்காத ஆள் நான்.

கடைக்கு ஒரு கிளாஸ், ஒரே தட்டு. ஆலிவ். சிப்ஸ். மறுபடி ஆலிவ். அவன் அதற்கும் வாய் பிளந்தான். ஆலிவுக்கு! என்ன ஜென்மமோ.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அந்தச் சந்துகளில் இரண்டு பேர்தான் சேர்ந்து நடக்கலாம். ஒவ்வொரு கடைக்கும் அவர்கள் முன்னால், நான் பின்னால். மாலை முழுக்க இரண்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். திட்டம் போட்டவன் நான். இன்ஜினியராம்.

மார்ச் 7
அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அவனோடுதான் இருப்பாளா? இருக்கட்டுமே. எனக்கென்ன வந்தது — வந்ததுதான்.

மார்ச் 9, திங்கள்
ஐவார் எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். மறக்க முடியாத மாலையாம், நன்றியாம். நாளை அவனுக்கு இங்கே கடைசி நாள். அராசெலியைச் சாப்பிடக் கூட்டிப்போக நல்ல கடை சொல்லவேண்டுமாம். யாரிடம் கேட்கிறான் பார்!

பதில் போடாமல் இருந்தேன். பிறகு போட்டேன். 'பெனித்தோ கடை. மூன்றாம் கிளாஸ் வரை எழுந்திருக்காதே.' ஏன் போட்டேன்? ஆலிவுக்கு நன்றி சொல்கிறவனை எத்தனை நாள் ஏமாற்றுவது. ஆனால் அனுப்பியதிலிருந்து அந்தச் செய்தியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 10
இந்நேரம் கணவாய் வந்திருக்கும். எலுமிச்சையை அவளே அவனுக்குப் பிழிந்துவிடுவாள்.

மார்ச் 12, வியாழன்
போகக் கூடாது என்றிருந்தேன். போனேன். அராசெலி இன்னும் வரவில்லை. பெனித்தோ கிளாஸ் துடைத்தபடி ஆரம்பித்தார்.

"செவ்வாக்கிழமை ரெண்டு பேரும் வந்தாங்க. மூணாவதுக்கு எண்ணெய் காய வச்சேன். அந்தப் பையன் ஆசையா உட்கார்ந்திருக்கான், இவ எழுந்துட்டா. 'அது வேணாம் பெனித்தோ, அது வியாழக்கிழமைத் தட்டு'ன்னா. எனக்கே புரிஞ்சுபோச்சு. உனக்கு எப்படா புரியும், எலோய்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வந்துவிட்டாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"போன வாரம் என்னைப் பட்டினி போட்டு ஊரெல்லாம் நடக்க வச்சியே, எதுக்கு?"

"பொறாமை" என்றேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"அது ரெண்டாவது கடையிலேயே தெரிஞ்சுடுச்சு. நீ எப்போ வாயைத் திறப்பேன்னுதான் பார்த்துட்டிருந்தேன்."

மூன்றாவது தட்டு வந்தது. எலுமிச்சைத் துண்டு அப்படியே கிடந்தது. ஒருவர் கை மற்றவர் கையில்; எடுக்க யாருக்கும் கை காலியாக இல்லை. கணவாய் ஆறுகிறது என்று பெனித்தோ உள்ளிருந்து திட்டிக்கொண்டிருந்தார்.