தட்டைக் காட்டச் சொன்னேன்

என்னங்க,

நேரில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பட்டாபிராமில் நாம் இருந்த அதே வீட்டில்தான் இருக்கிறேன். உங்கள் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. உங்கள் காரியம் முடிந்ததும் நம் பவித்ரா ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டாள். படிப்பைப் பாதியில் விடக்கூடாது என்று நான்தான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தேன். அனுப்பிய நாளிலிருந்து பயம்.

அன்றைக்குக் கம்பெனியிலிருந்து பேசினீர்களே, பாதியில் "அப்புறம் பேசுறேன்" என்று வைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அடுத்து உங்கள் போனிலிருந்து வந்தது, நீங்கள் இல்லை என்று சொன்ன உங்கள் சிநேகிதரின் குரல். இப்போது இவளும் தினம் அதையே சொல்லித்தான் வைக்கிறாள். மறுநாள் போன் அடிக்கிற வரைக்கும் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை.

நீங்கள் இருந்தபோது இப்படியா இருந்தது? அம்பத்தூரில் ஷிப்ட் முடிந்து ரயிலில் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் போனைப் போடுவீர்கள். இங்கே சாயங்காலம், அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்க மாட்டீர்கள்.

"தட்டக் காட்டு பாப்பா."

"ஐய, ஆரம்பிச்சிட்டியா நைனா" என்று சிரித்துக்கொண்டே காட்டுவாள்.

"இன்னாது இது, குருவிக்கு வெச்ச மாரி கீது? இன்னோரு கரண்டி போடு." அவள் போட்ட பிறகுதான் மற்றப் பேச்சு.

இப்போது அவள் கேமராவைப் போடுவதே இல்லை. "நெட் சரியில்லமா" என்கிறாள். என் முகம் அவளுக்குத் தெரிகிறது. எனக்குக் குரல் மட்டும்தான். சாப்ட்டியா என்றால் சாப்ட்டேன் என்கிறாள். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. உடம்புக்கு ஏதாவதா? யாராவது மிரட்டுகிறார்களா? தனியாக அழுது அழுது ஏதாவது செய்துகொண்டால் நான் எந்த ரயிலைப் பிடித்துப் போவேன்? கறுப்பாகக் கிடக்கும் அந்தத் திரையில் எனக்கு என்னென்னவோ தெரிகிறது.

ஸ்டேஷன் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருக்கிற செல்வியிடம் சொல்லி அழுதேன். "இன்னாக்கா நீ? மூஞ்சியக் காட்டுடின்னு கேளேன். அண்ணன் கேட்டுகினு இருந்தாரில்ல? இப்ப அவரு வந்தா கேக்கப் போறாரு?" என்று கத்தினாள். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நேற்றுக் கேட்டுவிட்டேன். அவள் குரல் வந்ததுமே, "தட்டக் காட்டு பாப்பா" என்றேன். உங்கள் வார்த்தை என் வாயில் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் திரை வெளிச்சமானது. தட்டில் பாதி கடித்த ரொட்டித் துண்டு. அப்புறம் அவள் முகம். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து... நம் பிள்ளையா அது?

"சோறு எறங்கலமா. என்னப் பாத்தா நீ கண்டுபுடிச்சிடுவே. அதான் கேமரா போடல."

"எங்கிட்ட ஏன்டி மறைச்சே?"

"நீ மறைக்கலியா? மத்தியானம் இன்னா சாப்ட்டே, சொல்லு."

"ரசம் சாதம்" என்றேன்.

"பொய் சொல்லாத. உன் பின்னாடி அலமாரியில அந்தக் குக்கரு கவுத்த எடத்துலயே இருக்கு. நான் இங்க திரும்பி வந்ததுலேர்ந்து அது நகரவே இல்ல. தெனம் பாத்துகினுதான் இருக்கேன். நைனாவும் இல்ல. நீயும் போய்ட்டா நான் யாருக்குமா போன் பண்ணுவேன்?"

இந்தப் பயம் அவளுக்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்.

ஏன் சமைக்கவில்லை என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அரிசி அளக்கப் போனால் கை இரண்டு பேருக்குத்தான் அளக்கிறது. திருப்பிக் கொட்ட மனசு வரவில்லை. அதனால் டீயும் பன்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இனிமேல் போனை வைக்கும்போது "அப்புறம் பேசுறேன்" என்று மட்டும் சொல்லாதே என்றேன். "வேற இன்னா சொல்றது?" என்று கேட்டாள். நீங்கள் இருந்தால் என்ன சொல்லச் சொல்லியிருப்பீர்கள்?

பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று சாயங்காலம் குக்கரை இறக்கிக் கழுவி அடுப்பில் ஏற்றுவேன். இரண்டு பேருக்கே அளக்கிறேன். மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்கு ஆகும். விசில் சத்தத்தைப் போனில் கேட்ட பிறகுதான் அவளும் அங்கே அடுப்பைப் போடுவாளாம். உங்கள் கேள்வியை நான் ஒரு நாளும் விடமாட்டேன். அவள் தட்டைப் பார்க்காமல் போனை வைக்கமாட்டேன். என் தட்டையும் காட்டுவேன்.

நீங்கள் கூப்பிட்டபடியே,
பவி அம்மா