நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த அரளி

அண்ணே,

இன்று காலை உங்கள் அரளி வேலியை வேரோடு பிடுங்கினேன். கடப்பாரை பட்ட இடமெல்லாம் பால் வடிந்தது. சோப்பு போட்டுக் கழுவியும் அந்தப் பச்சை வாடை கையை விட்டுப் போகவில்லை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. திதிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று இருந்தேன், முடித்துவிட்டேன்.

செத்தவரைப் பற்றிக் கெட்டது பேசக்கூடாது என்பார்கள். நான் உங்களைப் பற்றிப் பேசவில்லை, உங்களிடம்தான் பேசுகிறேன். சொந்தம் இல்லை, பக்கத்து வீடுதான். ஆனாலும் வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிட்டேன்.

ஒலக்கூரிலிருந்து திண்டிவனத்து நர்சரிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே வேலி, செடி வாங்குவது நீங்கள். கிளுவை வைக்கலாம் என்றேன். "கோடையில மொட்டையா நிக்கும், அது ஒரு வேலியா?" என்றீர்கள். நியாயம்தான். மருதாணி என்றேன். "கத்திரி போட்டுக்கினே இருக்கணும், யாரு போடறது?" ஆடாதொடை என்றேன். ஆடு தொடாது, வருஷம் முழுக்கப் பச்சை, கிளையைப் போத்தாக வெட்டி மழையில் நட்டாலே பிடித்துக்கொள்ளும். நர்சரிக்காரர் எதிரிலேயே சிரித்தீர்கள். "இருமலுக்குக் கஷாயம் வெக்கிற செடிய வாசல்ல வெச்சிக்கினு இருந்தா ஊரு சிரிக்கும்மா."

அரளிதான் என்று முடிவு பண்ணிவிட்டீர்கள். தண்ணீர் கேட்காது, இலை கொட்டாது, திருவாமாத்தூர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கூடை நிறையப் பூ. "மாடு கட்டற எடம்ணே, அது விஷம்ணே" என்றேன். "பச்ச அரளியில எந்த மாடாவது வாய வெக்குமா? ஒன்னவிட அதுக்கு அறிவு ஜாஸ்தி" என்றீர்கள்.

பச்சையில் வாய் வைக்காது, அது உண்மை. காய்ந்த சருகு தீவனத்தில் கலந்துவிட்டால் மாட்டுக்கு அடையாளம் தெரியாது, விஷம் மட்டும் அப்படியே இருக்கும். ஒருநாள் வேலியைக் கழித்துவிட்டீர்கள். வெட்டியது உங்கள் வாசலில் கிடந்தால் அசிங்கம் என்று, நான் இல்லாத நேரம் பார்த்து என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். அங்கே மாட்டுத் தீவனத்துக்கு மல்லாட்டைக் கொடி, கடலைக்கொடிதான், குவித்துக் காயப்போட்டிருந்தேன். குவியலின் மறுபக்கம் விழுந்தது என் கண்ணில் படவில்லை. கொடியோடு கொடியாகக் காய்ந்தது, என் பசு செவலை தின்றாள்.

சினைமாடு அண்ணே. அவள் பாலில்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. மாட்டு டாக்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோனது. அவர் அவளுடைய கடைவாயிலிருந்து ஒரு நீள இலையை எடுத்து என் கையில் வைத்தார். அதை உங்களிடம் கொண்டுவந்து காட்டினேன். "என் தப்புதாம்மா" என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் வந்தேன். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "இதுல என் பேரு எழுதியிருக்குதா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனீர்கள். அடப்பாவி மனுஷா என்று அன்று வாய்க்குள் விழுங்கியதை இன்று சொல்கிறேன்.

கடைசியில் உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியபோது, அண்ணி என் கொல்லையில் வந்து ஆடாதொடை இலைதான் பறித்தார். நானே கிளையை வளைத்துக் கொடுத்தேன். நீங்கள் பிழைக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன். பாசத்தில் இல்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் தப்பித்துப் போய்விடுவீர்களே என்றுதான். அப்படியே போய்விட்டீர்கள்.

போன வாரம் அண்ணி வந்தார். "ஏம்மா, பேரப்புள்ளைங்க லீவுக்கு வருதுங்க. இந்த அரளிய எடுத்துட்டு வேற எதனா வெச்சிக் குடேன். ஒன் மாடு போனதே போதும்."

"அப்ப ஒங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியாம என்ன? அவருக்கும்தான் தெரியும். அன்னிக்கு அவருக்குச் சோறே எறங்கல."

சோறு இறங்கவில்லையாம். அதை வைத்து நான் என்ன செய்வது? என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

பிடுங்கிய அரளியை எரிக்கவில்லை, அந்தப் புகையும் ஆகாது. ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தேன். வேலி நெடுக ஆடாதொடைப் போத்து நட்டிருக்கிறேன், நடுநடுவே நொச்சி. இனி உங்கள் வாசலில் கஷாயச் செடிதான் நிற்கும். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கடைசிச் செடிக்கு வந்தபோது அண்ணி ஓடிவந்து கையைப் பிடித்தார். "ஒண்ண மட்டும் விட்டுடும்மா. அவரு படத்துக்கு வெக்கணும், அவருக்குப் புடிச்ச பூவு." கடப்பாரையை ஓங்கிய கை அப்படியே நின்றது. செவலையைக் கட்டியிருந்த முளைக்கு நேர் எதிரே நிற்கிற செடி அது. விட்டுவிட்டேன். ஆடு மாடு, பிள்ளைகள் யாரும் கிட்டே போகாதபடி சுற்றிலும் முள் கட்டினேன்.

இனி தினமும் காலையில் நானே பறித்து அண்ணியிடம் கொடுப்பேன். உங்கள் படத்தில், கண்ணுக்கு நேரே வைக்கச் சொல்வேன். நன்றாகப் பாருங்கள் அண்ணே, அதில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று.